மலைக் கிராமத்துக்குக் குடிபோகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

வேலையோடும் குடும்பத்தோடும் மலைப்பகுதிக் கிராமத்தில் போய்க் குடியேற நினைப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: நாங்கள் இருவரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறோம், ஆறு வயதில் பையன் இருக்கிறான். இடம் வாங்கி வீடு கட்டலாமா, வாடகைக்குப் போகலாமா?

முதல் ஒரு வருடம் வாடகைதான். பன்னிரண்டு மாதமும் அங்கேயே இருங்கள். நல்ல பருவத்தில் மூன்று மாதம் தங்கிப் பார்த்துவிட்டு எடுக்கும் முடிவு மலையில் செல்லாது.

ஒரு நோட்டில் தேதி போட்டு மூன்று விஷயங்களைக் குறித்து வாருங்கள். மழை உச்சத்தில் இருக்கும்போது பாதை எத்தனை நாள் அடைபடுகிறது? வறண்ட காலத்தில் தண்ணீர் எப்போது மெலிகிறது? குளிர்காலத்தில் முற்றத்தில் வெயில் எத்தனை மணிக்கு விழுந்து எத்தனை மணிக்கு மறைகிறது? மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. எதிரே உயரமான மலை இருந்தால், சூரியன் தாழ்வாகப் போகும் மாதங்களில் நாளைக்கு இரண்டு மணி நேர வெயில்கூடக் கிடைக்காமல் போகலாம். துணி காயாது, சுவரில் ஈரம் ஏறும், சோலார் தகடு பெயருக்குத்தான் கூரையில் இருக்கும். பூமியின் வடபாதியில் தெற்கு பார்த்த சரிவுக்கும், தென்பாதியில் வடக்கு பார்த்த சரிவுக்கும் வெயில் அதிகம்.

பள்ளத்தாக்கின் அடியில் ஓடை ஓரமாக இருக்கும் சமநிலம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் குளிர்ந்த காற்று கனமானது. இரவில் தண்ணீர் போலவே சரிவில் இறங்கி அங்கே போய்த் தேங்கும். அடியில் உறைபனி கொட்டும் இரவிலும் நடுச்சரிவு தப்பித்துவிடும். பழைய குடியிருப்புகள் சரிவின் நடுவில் இருப்பதைப் பார்த்தால், அதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

கேள்வி: மண்சரிவு வரக்கூடிய இடத்தைச் சாதாரண ஆள் கண்டுபிடிக்க முடியுமா?

எந்த இடம் பத்திரம் என்று சொல்ல மண்ணியல் தெரிந்தவர் வேண்டும். எந்த இடம் வேண்டாம் என்பதைப் பல நேரம் நீங்களே சொல்லிவிடலாம்.

மரங்களைப் பாருங்கள். அடிமரம் சரிவின் கீழ்ப்பக்கமாக வளைந்து, பிறகு நேராக நிமிர்ந்திருக்கும் மரம் ஒன்றிரண்டு இருந்தால் பெரிதில்லை. ஒரு சரிவு முழுக்க அப்படியிருந்தால் மேல்மண் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கலாம். மின்கம்பம் சாய்ந்து, கம்பி ஒரு பக்கம் விறைத்தும் மறுபக்கம் தொய்ந்தும் இருப்பதும் அதே சங்கதிதான். வீட்டுக்குள் போனால் எல்லாக் கதவுகளையும் திறந்து மூடுங்கள். மழைக்கு மரம் உப்பினால் கதவு பக்கவாட்டிலோ அடியிலோ ஒரே சீராக உரசும். வீடு இறங்கினால் மேல் மூலை ஒன்று மட்டும் சட்டத்தில் முட்டும், எதிர்மூலையில் இடைவெளி தெரியும், அந்த மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் கிளம்பியிருக்கும். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் விரலை ஓட்டிப் பாருங்கள், பூசி மறைத்த விரிசல் கைக்குத் தட்டுப்படும். வாடகை வீடாக இருந்தால் விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் குறியிட்டு, மாதம் ஒருமுறை இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள்.

அடுத்தது மனை. சரிவை உள்பக்கம் வெட்டி, அந்த மண்ணை வெளிப்பக்கம் கொட்டிச் சமப்படுத்தியிருப்பார்கள். வீடு பாதி வெட்டிய தரையிலும் பாதி கொட்டிய மண்ணிலும் நின்றால் வெளிப்பாதி இறங்க வாய்ப்பு அதிகம். தாங்கு சுவரில் நீர்த்துளைகள் இருக்கின்றனவா பாருங்கள். பெருமழைக்குப் பிறகு அவை ஒழுக வேண்டும். ஒழுகாமல் காய்ந்து கிடந்தால் அடைத்துக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. அப்போது தண்ணீர் சுவருக்குப் பின்னால் நின்று அழுத்தும். நடுவில் வயிறு தள்ளிய சுவருக்குக் கீழே வீடு வேண்டவே வேண்டாம். கூரைத் தண்ணீரையும் கழிவுநீர் உறிஞ்சுகுழியையும் வீட்டுக்கு மேல் சரிவிலோ தாங்கு சுவருக்குப் பின்னாலோ விடாதீர்கள்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும், குழந்தைகளுக்கும், சொல்லிக் கொடுங்கள். கனமழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடையில் தண்ணீர் சட்டென்று குறைந்தாலோ சேறாகக் கலங்கினாலோ, மேலே எங்கோ மண் விழுந்து அடைத்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். அது உடைந்தால் பாறையும் மரமும் சேர்ந்து வரும். அந்த நிமிடமே, ஓடையைக் கடக்காமல் அதை விட்டு விலகி, பக்கவாட்டு மேட்டில் ஏறுங்கள். ஓடை போகும் திசையில் கீழே ஓடக் கூடாது.

கேள்வி: 'வற்றாத ஊற்று இருக்கிறது' என்கிறார் வீட்டுக்காரர். எப்படி நம்புவது?

ஒரு வாளியும் கடிகாரமும் போதும். 20 லிட்டர் வாளி எத்தனை நொடியில் நிறைகிறது என்று பாருங்கள். மழைக்குப் பின் 40 நொடியில் நிறைந்தால் நாளைக்கு 43,200 லிட்டர், அதைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. வறட்சியின் கடைசி வாரங்களில் அதே வாளி பத்து நிமிடம் எடுத்தால் நிமிடத்துக்கு 2 லிட்டர், நாளைக்கு 2,880. ஆளுக்கு 100 லிட்டர் வீதம் நாலு பேருக்கு 400 தான் தேவை, ஆக இரவில் தேக்கி வைக்கத் தொட்டி இருந்தால் தாராளம். ஆனால் அந்த ஊற்றை இன்னும் எத்தனை வீடு நம்பியிருக்கிறது, யாருக்கு எந்த நேரம் என்பதைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மலையில் தண்ணீர்த் தகராறு தலைமுறைக்கும் நிற்கும்.

குழாய் போடுவதில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் குழாயில் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கூடும். 6 பார் தாங்கும் குழாயை 90 மீட்டர் கீழே கொண்டுவந்தால், எல்லாக் குழாயும் மூடியிருக்கும் நள்ளிரவில்தான் இணைப்பு பிய்யும். பகலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருப்பதால் முழு அழுத்தம் தெரியாது. இடையில் சுமார் 50 மீட்டர் இறக்கத்துக்கு ஒரு திறந்த தொட்டி வைத்தால் அழுத்தம் அங்கே பூஜ்யமாகிவிடும். அடுத்த தவறு, குழாய் ஒரு மேட்டில் ஏறி இறங்குவது. அந்த மேட்டில் காற்று சிக்கிக்கொண்டால், ஊற்றில் தண்ணீர் இருந்தும் வீட்டில் வராது. மேட்டில் காற்று வால்வும், பள்ளமான இடத்தில் வண்டலைத் திறந்துவிட ஒரு வால்வும் வையுங்கள். உறைபனி விழும் ஊரானால், மண் எவ்வளவு ஆழம் உறைகிறதோ அதற்குக் கீழே புதையுங்கள்.

ஊற்றுத் தண்ணீர் தெளிவாக இருப்பதற்கும் சுத்தமாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை. மேலே கால்நடை மேய்ந்தாலே கிருமி இறங்கும். கோலிஃபார்ம் (மலக்கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டும் கிருமி வகை) இல்லை என்று ஆய்வகச் சோதனையில் தெரியும்வரை கொதிக்க வைத்துக் குடியுங்கள். தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் போதும், 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம்.

கேள்வி: அங்கே மூன்று நிமிடம் ஏன்? சமையலுக்கும் அதிக நேரம் ஆகுமா?

உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது, அதனால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். 300 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும். 2000 மீட்டரில் கொதிநிலை சுமார் 93 டிகிரி. திறந்த பாத்திரத்தில் பருப்பு வகைகள் வேகவே வேகாததுபோல் இருக்கும். பிரஷர் குக்கர் அங்கே அவசியம்.

எரிவாயு உருளையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் பியூட்டேன் பங்கு அதிகமானால் கடுங்குளிரில் அடுப்பு எரியாது, ஏனென்றால் பியூட்டேன் சுமார் பூஜ்ய டிகிரிக்குக் கீழே ஆவியாவதில்லை. புரொப்பேனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. உருளையை நெருப்பில் காட்டிச் சூடாக்காதீர்கள்.

கேள்வி: இணையமும் மின்சாரமும் நின்றால் வேலையே போய்விடும். என்ன ஏற்பாடு?

இரண்டு வழிகளில் இணையம் வையுங்கள், இரண்டும் ஒரே கம்பத்தை நம்பியிருக்கக் கூடாது. ஃபைபர் இருந்தால் அது முதலில், மொபைல் சிக்னல் அடுத்து. மலையில் சிக்னல் என்பது கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதைப் பொறுத்தது. நடுவில் ஒரு முகடு வந்தால் அரை கிலோமீட்டரும் தொலைவுதான். கூரைமேல் வெளி ஆன்டெனா வைத்தால் பல வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும். செயற்கைக்கோள் இணையத்துக்கு வானம் திறந்திருக்க வேண்டும். மிக உயரத்தில் நிலையாக நிற்கும் செயற்கைக்கோள் வகையில் போய்வரத் தாமதமே அரை நொடிக்கு மேல், காணொளிக் கூட்டத்தில் ஒருவர் பேச்சு ஒருவர்மேல் ஏறும். தாழ்வான சுற்றுப்பாதை வகை அதைவிடப் பன்மடங்கு நல்லது.

மின்சாரத்துக்கு நேர்க்கணக்கு: 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1200 வாட்-மணி இருக்கிறது. ஈய-அமில பேட்டரியில் பாதிக்குமேல் எடுத்தால் ஆயுள் போய்விடும், அதனால் 600. இன்வெர்ட்டரில் கொஞ்சம் வீணாகிக் கைக்கு வருவது 500 அளவு. 50 வாட் மடிக்கணினி இரண்டு, 10 வாட் ரவுட்டர் என்றால் நாலரை மணி நேரம். கடுங்குளிரில் இன்னும் குறையும். லித்தியம் பேட்டரி வாங்கினால் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றாதீர்கள், கெட்டுவிடும்.

இடி மலையில் பெரிய எதிரி. பாறைத் தரையில் எர்த் நன்றாகப் பிடிக்காது, ஒரு கம்பி போதாமல் பல கம்பிகளை இடைவெளி விட்டு இறக்கி இணைக்க வேண்டியிருக்கும். மின்வாரியத்தார் அல்லது தகுதியுள்ள மின்பணியாளரை வைத்து எர்த் மின்தடையை அளக்கச் சொல்லுங்கள். இடிமழை நெருங்குவதற்கு முன்பே பிளக்கைப் பிடுங்கிவிடுவதே நம்பகமான பாதுகாப்பு.

கேள்வி: சமவெளியில்தான் கார் ஓட்டியிருக்கிறேன். இறக்கம் பயமாக இருக்கிறது.

ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் வண்டியிலும் குறைந்த கியருக்கு மாற்ற வழியிருக்கும். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்கினால் முதலில் கருகிய வாடை வரும், பிறகு மிதி பஞ்சுபோல் உள்ளே போகும். பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டதன் அடையாளம் அது. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகையின் கொதிநிலை வரம்பு புதிதில் 205 டிகிரி, ஈரம் ஏறியபின் 140 தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வாடை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். எஞ்சினை அணைத்து உருட்டவே கூடாது, ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கல்லாக இறுகிவிடும்.

பனிமூட்டத்தில் தாழ்ந்த விளக்குதான். உயர்ந்த விளக்கு மூட்டத்தில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தை, இதய நோயுள்ள மாமனார், கூட நாங்கள் இருவர். உடல்நிலைக்கு ஒத்துவருமா?

2500 மீட்டருக்குக் கீழே என்றால் உயர நோய் அபூர்வம். அதற்கு மேலே போவதானால், 3000 மீட்டரைத் தாண்டியபின் படுத்துத் தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்குமேல் கூட்டாதீர்கள், மூன்று நாலு நாளுக்கு ஒருநாள் ஓய்வு. தலைவலி, குமட்டல், அசதி வந்தால் மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, குழம்பிப் பேசினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அப்போதே கீழே இறக்கிவிட வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பேசத் தெரியாத குழந்தைக்குக் காரணமில்லாத அழுகையும் பால் மறுப்பும்தான் அறிகுறி. மாமனார் புறப்படுவதற்கு முன்பே அவருடைய இதய மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

இறக்கத்தில் குழந்தைக்குக் காது வலிக்கும். அப்போது பால் கொடுத்தால் விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும். பெரிய பிள்ளைகளுக்கு வாந்தி வந்தால் கைபேசியை வாங்கி வைத்துவிட்டுத் தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். குளிராக இருந்தாலும் புற ஊதாக் கதிர் 1000 மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் கூடும், தொப்பி வேண்டும்.

மருத்துவமனையைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள். காய்ந்த பகலில் எவ்வளவு நேரம், மழை இரவில் எவ்வளவு நேரம் என்று இரண்டையும் ஓட்டிப் பார்த்து எழுதுங்கள். கர்ப்பிணி இருக்கும் வீடானால், இரண்டாவது எண் பெரிதாக இருந்தால் பிரசவத்துக்குச் சில வாரம் முன்பே கீழே வந்து தங்கிவிடுவது நல்லது.

கேள்வி: சுவரெல்லாம் ஓதம், அலமாரியில் பூஞ்சை. ஹீட்டர் வைத்தும் போகவில்லை.

உங்களுடையது புகைக்குழாய் இல்லாத எரிவாயு ஹீட்டர் என்றால் அதுவே பாதிக் காரணம். ஒரு கிலோ எரிவாயு எரியும்போது ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக அறைக்குள் கலக்கிறது. அது குளிர்ந்த வெளிச்சுவரில்தான் படியும். அலமாரியை அந்தச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். காலையும் மாலையும் பத்து நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். ஈரமானி ஒன்று வாங்கி 60 சதவீதத்துக்குக் கீழே வைக்கப் பாருங்கள்.

மூடிய அறையில் கரி மூட்டிக் குளிர்காய்வது உயிரைப் பறிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருப்பதே இல்லை. எதை எரித்தாலும் புகைக்குழாயும் எச்சரிக்கைக் கருவியும் வேண்டும். விறகைப் பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்துவிட்டு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் காயவிடுங்கள். இரண்டு துண்டுகளைத் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். 'தொப்' என்றால் இன்னும் ஈரம். ஈர விறகின் புகை குழாயில் தாராகப் படிந்து ஒருநாள் தானே பற்றிக்கொள்ளும்.

கேள்வி: ஊர்க்காரர்கள் எங்கள் வேலிக்குள்ளாக நடந்து போகிறார்கள். தடுக்கலாமா?

அவசரப்பட்டு அடைக்காதீர்கள். மலையில் சுற்றிப் போனால் ஒரு மணி நேரம், குறுக்கே போனால் பத்து நிமிடம் என்று இருக்கும். அந்த ஒற்றையடிப் பாதை உங்கள் பத்திரத்தைவிடப் பழையதாக இருக்கலாம், வழிநடை உரிமை சட்டப்படியே நிலைத்திருக்கவும் கூடும். வாங்குமுன் பத்திரத்தில் வழி, நீர்வழி, மேய்ச்சல் ஆகியவற்றைப் பற்றி என்ன இருக்கிறது என்று வழக்கறிஞரை வைத்துப் படித்துவிடுங்கள். வாங்கியாயிற்று என்றால், வேலியில் அந்த இடத்தில் ஆள் மட்டும் நுழையும்படி ஒரு வளைவுப் படல் வைத்துக் கொடுங்கள். மாடு வராது, மனிதர் வரலாம். பாதை அடைபடும் மழை நாளில் உங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடப்போவதும் அந்த வழியாகத்தான்.