ஒரு வரி சேர்த்தால் வரி வருமா?

கேள்வி: வரி பாக்கிக் கடிதத்தில் ஓரிரு வாக்கியம் சேர்த்தே பிரிட்டன் அரசு வசூலைக் கூட்டியதாமே, நம்பலாமா? (நாமக்கல் வாசகர்)

பதில்: தாராளமாக. 2010-இல் அந்நாட்டு அமைச்சரவை அலுவலகத்தில் இதற்கென்றே ஒரு நடத்தை அறிவியல் குழு அமைந்தது. 2011-இல் வரித்துறை சுமார் 1 லட்சம் பேருக்கு அனுப்பிய நினைவூட்டல்களில் சோதனை நடந்தது. 'பத்தில் ஒன்பது பேர் உரிய காலத்தில் கட்டிவிடுகிறார்கள்' என்ற வாக்கியம் மட்டும் இருந்தபோது பலன் சொற்பம். 'இன்னும் கட்டாத மிகச் சிலரில் நீங்களும் ஒருவர்' என்பதும் சேர்ந்ததும், கட்டியவர் விகிதம் சுமார் 5 சதவீதப் புள்ளி கூடியது. அபராதம், ஜப்தி என்று ஒரு மிரட்டலும் இல்லை.

நம் ஊர் நகராட்சி இதை அப்படியே காப்பியடித்தால் சிக்கல்தான். பத்தில் நான்கு பேர்தான் கட்டுகிற ஊரில் 'பெரும்பாலோர் கட்டுகிறார்கள்' என்பது பொய். உண்மையைச் சொன்னாலோ, 'அப்படியா, நாமும் கட்ட வேண்டாம்' என்றாகிவிடும். அங்கே வேறு வாசகம் தேட வேண்டும்.

எந்த வாசகமானாலும் முதலில் சோதியுங்கள். பாக்கிப் பட்டியலைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய கடிதம், மறுபாதிக்குப் புதியது. இரண்டும் ஒரே நாளில் தபாலில் போக வேண்டும். எத்தனையாவது நாளில் கணக்குப் பார்ப்பது என்பதை முன்பே எழுதி வைத்துவிடுங்கள். வார்டு வாரியாகப் பிரித்தால் போச்சு: வந்த பணம் கடிதத்தாலா, அந்த வார்டு பில் கலெக்டரின் சாமர்த்தியத்தாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: இதே உத்தி உறுப்பு தானத்துக்கும் பலிக்குமா? (திருச்சி வாசகி)

பதில்: 2013-இல் அதே பிரிட்டனில் பார்த்தார்கள். அரசு இணையதளத்துக்கு வந்த 10 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு எட்டு விதமான பக்கங்கள் காட்டப்பட்டன. 'தினமும் ஆயிரக்கணக்கானோர் பதிவு செய்கிறார்கள்' என்ற வாசகத்தோடு சிரித்த முகங்களின் குழுப் படத்தைப் போட்ட பக்கம், கூடுதல் வாசகம் எதுவும் இல்லாத பக்கத்தைவிடவும் குறைவான பதிவுகளையே பெற்றது. படம் இல்லாமல் அதே வாசகம் நன்றாகவே வேலை செய்தது. முதலிடம் பிடித்தது, 'உங்களுக்கு மாற்று உறுப்பு தேவைப்பட்டால் ஏற்பீர்களா? அப்படியானால் மற்றவர்களுக்கும் உதவுங்கள்' என்ற வாசகம்.

கேள்வி: பலன் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? (கோவை வாசகர்)

பதில்: கொஞ்சம்தான். அமெரிக்காவில் இத்தகைய நடத்தை அறிவியல் குழுக்கள் நடத்திய 126 சோதனைகளை 2022-இல் வெளியான ஆய்வு ஒன்று அலசியது. சராசரி உயர்வு 1.4 சதவீதப் புள்ளி. ஆய்விதழ்களில் வந்த சோதனைகளிலோ 8.7! பலிக்காதவை பெரும்பாலும் அச்சேறுவதில்லை. கட்டுவோர் 30 சதவீதத்திலிருந்து 35 ஆவதைக் கண்டறிய ஒவ்வொரு பாதியிலும் சுமார் 1,400 பேர் போதும், 31.4 ஆவதைக் கண்டறிய ஏறக்குறைய 17,000 பேர் வேண்டும். பாக்கிப் பட்டியல் சிறியதென்றால், பக்கத்து நகராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு செய்யுங்கள்.