முராபஹா கார் தவணை: வட்டிக்கடனிலிருந்து எங்கே பிரிகிறது?

கேள்வி: 10,00,000 விலையில் கார் வாங்கப் போகிறேன். இஸ்லாமிய வங்கி ஒன்று முராபஹா முறையில் மாதம் 25,000 வீதம் 48 தவணை கேட்கிறது. "லாபம் 5 சதவீதம்தான், வட்டியே கிடையாது" என்கிறார்கள். சாதாரண வங்கியில் 9 சதவீத வட்டிக்கு மாதம் 24,885 வருகிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலைதானே இது என்கிறார் நண்பர். ஷோரூமில் 50,000 முன்பணம் கட்டி என் பெயரில் புக் செய்துவிட்டேன். இரண்டு வருடத்தில் மொத்தமாகக் கட்டி முடித்தால் ஏதாவது குறையுமா? சேமிப்பையும் அங்கேயே முதாரபா (லாபப் பங்கு) கணக்கில் போடச் சொல்கிறார்கள், போடலாமா?

பதில்: அந்த 50,000-ஐத்தான் முதலில் கவனிக்க வேண்டும். முராபஹா என்பது கடன் இல்லை, விற்பனை. வங்கி காரை வாங்கி, வாங்கிய விலை இவ்வளவு, எங்கள் லாபம் இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லி உங்களுக்குத் தவணைக்கு விற்கிறது. பில் உங்கள் பெயரில் விழுந்துவிட்டால் கார் உங்களுடையது. உங்கள் காரையே உங்களுக்கு எப்படி விற்க முடியும்? அதன்பிறகு வங்கி தருவது வெறும் பணம், அதற்கு மேல் வாங்குவது வட்டி. ஆகவே ஷோரூம் புக்கிங்கை எழுத்துமூலம் ரத்து செய்து முன்பணத்தைத் திரும்ப வாங்குங்கள். அதே தொகையை வங்கியிடம் உறுதிப்பணமாகக் கட்டலாம். இதற்கு ஹாமிஷ் ஜித்திய்யா என்று பெயர். நீங்கள் பின்வாங்கினால் வங்கிக்கு நேர்ந்த உண்மையான நஷ்டத்தை மட்டும் அதில் கழிக்கலாம். முழுவதையும் எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்து தேதிகளின் வரிசை. முதலில் வாங்குவதாக நீங்கள் தரும் வாக்குறுதி, பிறகு வங்கி பெயரில் ஷோரூம் பில், பிறகு கார் வங்கியின் பொறுப்புக்கு வந்ததற்கான ரசீது, கடைசியில்தான் உங்களுக்கும் வங்கிக்குமான விற்பனை ஒப்பந்தம். நான்கையும் ஒரே உட்காரலில் கையெழுத்து வாங்கி, தேதியைப் பிறகு நிரப்பிக்கொள்வதுதான் நடைமுறையில் அதிகம் நடக்கும் கோளாறு. பணத்தை உங்கள் கணக்கில் போட்டு "நீங்களே போய் வாங்கிக்கொள்ளுங்கள்" என்பது இன்னொன்று. வங்கியின் முகவராக நீங்களே போய் வாங்குவதற்கு அனுமதி உண்டு. ஆனால் பணம் ஷோரூமுக்கு நேரே போக வேண்டும், வாங்கி முடித்த பிறகு உங்களுக்கும் வங்கிக்கும் இடையே தனியாக விற்பனை நடக்க வேண்டும். ஷோரூம் வங்கிக்குத் தள்ளுபடி கொடுத்திருந்தால் அடக்கவிலை அந்த அளவு குறைந்தே எழுதப்பட வேண்டும். பில்லின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

இனி அந்த 5 சதவீதம். லாபம் 2,00,000. அதை முதல் தொகையான 10 லட்சத்துக்கே நான்கு ஆண்டும் போட்ட கணக்கு அது. மாதாமாதம் பாக்கி குறைகிறதே, அதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டுக்கு சுமார் 9.24 சதவீதம் ஆகிறது. 5-ஐயும் 9-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். விலை ஏன் ஏறக்குறைய ஒன்றாக வருகிறது என்றால், இரு வங்கிகளும் ஒரே சந்தையில் போட்டி போடுகின்றன; இஸ்லாமிய வங்கிகள் பலவும் சந்தை வட்டி விகிதத்தையே அளவுகோலாக வைத்து லாபத்தைத் தீர்மானிக்கின்றன. இது அழகில்லை என்பது என் கருத்து. ஆனாலும் லாப அளவு வட்டி அளவோடு ஒத்துப்போவதால் மட்டும் விற்பனை வட்டியாகிவிடாது. குர்ஆன் 2:275 வியாபாரத்தை அனுமதித்து வட்டியைத் தடுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது பொருளின் பொறுப்பு. விற்பனைக்கு முன் கார் சேதமானால் வங்கிக்கு நஷ்டம். விற்ற பிறகு பழுது தெரிந்தால், பொறுப்பில்லை என்று வங்கி முன்பே எழுதி வாங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் எழுதியிருக்கும்.

தவணை தவறினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பாக்கி 6,00,000 என்றால் அது 6,00,000-தான். வட்டிக்கு வட்டி ஏறாது. தாமதக் கட்டணம் வாங்கினாலும் அது தர்மத்துக்குப் போக வேண்டும், வங்கியின் வருமானத்தில் சேரக்கூடாது. ஆனால் ஒன்றிரண்டு தவணை தவறினாலே மீதி முழுவதையும் உடனே கேட்கும் ஷரத்து இருக்கலாம். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அதே விதி முன்கூட்டி அடைக்கும்போது உங்களுக்கு எதிராகத் திரும்பும். 24 தவணை கட்டியதும் பாக்கி 6,00,000. விற்பனை விலை முடிவாகிவிட்டதால் அந்தத் தொகை முழுவதையும் கேட்க வங்கிக்கு உரிமை உண்டு. வட்டிக்கடன் கணக்குப்படி பார்த்தால் அப்போது அசல் பாக்கி சுமார் 5,46,000. ஆக 54,000 வரை தள்ளுபடி எதிர்பார்ப்பது நியாயம். இந்தத் தள்ளுபடிக்கு இப்ரா என்று பெயர். பல இடங்களில் இது வங்கியின் விருப்பம். மலேசியாவில் மத்திய வங்கி இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. உங்கள் வங்கி முன்கூட்டி அடைப்பவர்களுக்கு எந்தச் சூத்திரப்படி இப்ரா தருகிறது என்று இப்போதே கேளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி இரண்டு வருடம் கழித்துப் போய் நிற்காதீர்கள். முன்கூட்டி அடைப்பது உறுதி, தள்ளுபடி உறுதியில்லை என்றால் இஜாரா, அதாவது வாடகை முறையில் வாங்குவது மேல். அதில் உரிமை வங்கியிடம் இருப்பதால் கார் முழுதாக அழிந்தால் வாடகையும் நிற்கும்.

உங்கள் நண்பர் சொன்ன மூக்கு உண்மையில் இருப்பது தவர்ருக் என்ற இன்னொரு முறையில். வங்கி ஏதோ ஓர் உலோகத்தை வாங்கி உங்களுக்குத் தவணைக்கு விற்கும். உங்கள் சார்பில் தானே அதை மூன்றாமவருக்கு ரொக்கத்துக்கு விற்றுப் பணத்தை உங்கள் கணக்கில் போடும். உலோகத்தை நீங்கள் பார்க்கக்கூடமாட்டீர்கள். இப்படி வங்கியே ஏற்பாடு செய்யும் தவர்ருக் கூடாது என்று மார்க்கச் சட்ட அறிஞர்களின் அமைப்பான சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி 2009-ல் தீர்மானித்தது. மலேசியா போன்ற நாடுகளில் அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் காருக்குப் பதில் உலோகம் எட்டிப்பார்த்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சேமிப்புக்கு வருவோம். இஸ்லாமிய வங்கித் துறை தொடங்கியதே லாப நஷ்டப் பங்கில்தான். 1963-ல் எகிப்தின் மித் கம்ரில் அஹ்மத் அல்-நஜ்ஜார் தொடங்கிய சேமிப்பு வங்கி அப்படிப்பட்டது. 1975-ல் துபாய் இஸ்லாமிய வங்கியும் 1983-ல் பேங்க் இஸ்லாம் மலேசியாவும் வந்தன; 2014-ல் பிரிட்டன் அரசே 20 கோடி பவுண்டுக்கு சுகூக் (இஸ்லாமிய முறைப் பத்திரம்) வெளியிட்டது. வளர வளர வங்கிகள் முராபஹா பக்கம் சாய்ந்துவிட்டன. பங்குக்குப் பணம் கொடுத்தால் தொழில் செய்பவரின் கணக்கை நம்ப வேண்டும், சோதிக்க வேண்டும். விற்பனையில் வரவேண்டிய தொகை முதல் நாளே தெரிந்துவிடுகிறது. ஆனால் டெபாசிட் பக்கம் பழைய முறை இன்னும் இருக்கிறது. முதாரபா கணக்கில் உங்களுக்கு உறுதி செய்வது லாபத்தின் விகிதத்தை மட்டுமே. 60:40 என்றால் வரும் லாபத்தில் 60 பங்கு உங்களுக்கு. வங்கியின் அலட்சியமோ ஒப்பந்த மீறலோ இல்லாமல் நஷ்டம் வந்தால் அது உங்கள் முதலிலிருந்துதான் போகும். விளம்பரத்தில் வரும் "எதிர்பார்க்கப்படும் லாபம் 6 சதவீதம்" வாக்குறுதி இல்லை.

ஆறு மாதத்துக்கான வீட்டுச் செலவை முதாரபாவில் போடாதீர்கள். அதை லாபமில்லாத கர்ழ் (வங்கிக்குக் கடனாகத் தருவது) அல்லது வதீஆ (பாதுகாக்கக் கொடுத்து வைப்பது) கணக்கில் வையுங்கள். அங்கே போட்ட பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு வங்கிக்கு. மீதியைப் போடும் முன் மூன்று வருடம் உண்மையில் பகிர்ந்த லாபத்தின் பட்டியல், லாபத்தைச் சமப்படுத்த வங்கி ஒதுக்கும் இருப்பு எவ்வளவு, டெபாசிட் காப்புறுதி இந்தக் கணக்குக்கும் பொருந்துமா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். கவுன்டரில் பதில் கிடைக்காவிட்டால் வங்கியின் ஷரீஆ (மார்க்கச் சட்ட) குழுவின் ஆண்டறிக்கையைக் கேட்டுப் பாருங்கள்.