பில்லில் கட்டிய பணம் யார் யாருக்குப் போகிறது?

கேள்வி: சூப்பர் மார்க்கெட் பில்லின் அடியில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டு தொகை போட்டிருக்கிறார்கள். எம்ஆர்பி விலை கொடுத்த பிறகும் தனியாக வரி எதற்கு? (ஒரு வாசகி, திருச்சி)

தனியாக வாங்கவில்லை. பாக்கெட்டில் அச்சிட்ட எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்த உச்ச விலை. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது. நீங்கள் கொடுத்த பணத்துக்குள் வரி எவ்வளவு என்பதைத்தான் பில் பிரித்துக் காட்டுகிறது.

துணி துவைக்கும் பவுடருக்கு வரி 18 சதவீதம். அதை 100 ரூபாய்க்கு வாங்கினால் உள்ளே இருக்கும் வரி 15 ரூபாய் 25 காசு. பொருளின் விலை 84.75, அதன் மேல் 18 சதவீதம் சேர்ந்துதான் 100 ஆகிறது. ஷாம்பு, பற்பசை, குளியல் சோப்புக் கட்டி எல்லாம் 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதத்துக்கு இறங்கிவிட்டன. அவற்றில் 100 ரூபாய்க்கு 4 ரூபாய் 76 காசுதான் வரி. தள்ளுபடியில் வாங்கினால், நீங்கள் கொடுத்த விலைக்கே வரிக் கணக்கு.

துணிக்கடையில் மட்டும் கொஞ்சம் கவனமாக இருங்கள். எம்ஆர்பியில் பாதி விலை என்று விளம்பரம் செய்துவிட்டு, பில் போடும்போது அந்தப் பாதி விலைமேல் வரியைச் சேர்ப்பார்கள். ஜிஎஸ்டிக்கு முன்பு வாட் என்ற விற்பனை வரி இருந்த காலத்தில் வந்த இப்படி ஒரு வழக்கில், அது முறையற்ற வணிகம் என்று 2017இல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. கவுன்டரிலேயே தைரியமாகக் கேளுங்கள்.

கேள்வி: கடை நடத்தும் கம்பெனி மும்பையில் இருக்கிறது. நாம் கட்டும் வரியும் மகாராஷ்டிரத்துக்குப் போய்விடுமா?

போகாது. கடையில் நேரில் வாங்கும் பொருளுக்கு, அந்தக் கடை இருக்கும் மாநிலம்தான் கணக்கு. கோவையில் வாங்கினால் வரியில் பாதி (எஸ்ஜிஎஸ்டி) தமிழ்நாட்டுக்கு, பாதி (சிஜிஎஸ்டி) ஒன்றிய அரசுக்கு. ஒன்றிய அரசு தன் வரி வருவாயில் பகிர வேண்டிய தொகுப்பிலிருந்து 41 சதவீதத்தை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம் என்று நிர்ணயிக்கப்பட்டது. இந்தப் பங்கு குறைவு என்றுதான் நம் மாநிலம் பல ஆண்டுகளாகக் குறை சொல்லிவருகிறது. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

கேள்வி: சரி, வரி போக மீதியில் பெரிய கடைகள் எவ்வளவு சம்பாதிக்கின்றன? கொள்ளை லாபம் என்கிறார்களே?

ஊகிக்க வேண்டியதில்லை. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகள் கணக்கை வெளியிட்டே ஆக வேண்டும். டிமார்ட் என்ற சூப்பர் மார்க்கெட் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 2024-25இல் அதன் விற்பனை, ஜிஎஸ்டி நீக்கி, சுமார் 57,790 கோடி ரூபாய். நிகர லாபம் சுமார் 2,927 கோடி. வரி நீங்கிய 100 ரூபாயில் ஏறத்தாழ 85 ரூபாய் சரக்கு வாங்கவே போய்விடுகிறது. சம்பளம், மின்சாரம் போன்ற செலவுகளுக்குச் சுமார் 7 ரூபாய். தேய்மானமும் (கட்டடம், கருவிகள் பழசாவதற்கான கணக்கு) வருமான வரியும் சேர்ந்து 3 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. கடைசியில் நிற்பது 5 ரூபாய் சொச்சம். பெரும்பாலான கடைகளைச் சொந்தக் கட்டடத்தில் நடத்துவதால் வாடகைச் சுமையும் குறைவு.

ஆக, உங்கள் பணத்தில் பெரும்பங்கு போவது சரக்கு கொடுத்த கம்பெனிகளுக்கு. எம்ஆர்பியை அச்சிடுவதும் அவர்கள்தான். பெரும்பாலான பொருட்களுக்கு அது இவ்வளவுதான் இருக்கலாம் என்று உச்சவரம்பு எதுவும் இல்லை. 200 ரூபாய் என்று அச்சிட்டு 120க்குக் கொடுத்தாலும் ‘40 சதவீதம் தள்ளுபடி’ ஆகிவிடும்! அதனால் சதவீதத்தைப் பார்க்காதீர்கள். ஒரு கிலோ என்ன விலை, 100 மில்லி என்ன விலை என்று பாருங்கள். பாக்கெட்டிலேயே அந்த அலகு விலையையும் அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. எழுத்து பொடியாக இருந்தாலும் தேடிப் படியுங்கள்.

கேள்வி: எங்கள் தெரு அண்ணாச்சி கடை பில்லில் வரியே இல்லை. வரி ஏய்ப்பா?

அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிடாதீர்கள். ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி வரை உள்ள வணிகர்கள் சிறு வணிகர்களுக்கான இணக்க முறையில் (காம்போசிஷன்) சேர்ந்து, விற்பனையில் 1 சதவீதத்தைத் தங்கள் கையிலிருந்து கட்டலாம். அப்படிக் கட்டுபவர்கள் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கவே கூடாது. மிகச் சிறிய கடைகளுக்கு ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை. ஆனால் சோப்பையும் பிஸ்கட்டையும் மொத்த வியாபாரியிடம் வாங்கியபோதே அண்ணாச்சி வரி கட்டிவிட்டார்; அதைத் திரும்பப் பெறவும் முடியாது. பில்லில் தெரியாவிட்டாலும் அந்தப் பணம் அரசுக்குப் போய்த்தான் இருக்கிறது.

கேள்வி: பில் போடும்போது பைக்குத் தனியாகக் காசு, போன் நம்பர் வேறு. கொடுத்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். முன்கூட்டியே சொல்லாமல், பணம் கட்டும் நேரத்தில் பைக்குக் காசு கேட்பது தவறு என்று 2020 டிசம்பரில் தேசிய நுகர்வோர் ஆணையம் சொல்லிவிட்டது. கடைகள் போன் நம்பரை வற்புறுத்திக் கேட்கக் கூடாது என்று 2023 மே மாதம் நுகர்வோர் விவகாரத் துறையும் அறிவுறுத்தியது. ‘கொடுக்க விருப்பமில்லை’ என்று சொன்னால் போதும். அதற்கும் கடைக்காரர் ஒத்துக்கொள்ளாவிட்டால் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம்.