யார் மேல் தப்பு? – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

என் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. கல்லூரி நாளிலிருந்தே சென்னையின் எஃப்சி கால்பந்து அணியின் ரசிகன். 2018இல் பெங்களூரு போய் இந்தியன் சூப்பர் லீக் இறுதிப் போட்டியை கேலரியில் நின்று பார்த்தவன். இப்போது மாட்ச் பார்க்கவே மனசு வரவில்லை. 2024-25 சீசனில் 13 அணிகளில் 11ஆவது இடம். நம்ம மாவட்டத்துப் பையன்களாகச் சேர்ந்து வைத்திருக்கிற வாட்ஸ்அப் குழுவில் தினமும் சண்டை. ஆட்டக்காரர்கள் சரியில்லை என்று ஒரு கூட்டம், கோச் சரியில்லை என்று ஒரு கூட்டம், முதலாளிகள் பணத்தைச் செலவழிக்காமல் பெயருக்கு கிளப் நடத்துகிறார்கள் என்று இன்னொரு கூட்டம். நான் முதல் கூட்டம். ஒரு மாட்சில் ஒரு இளம் ஃபார்வேர்டு (பெயரை நான் எடுத்துவிட்டேன் – அண்ணன்) கோல் வாயில் நின்று பந்தை வெளியே அடித்தான். ஆத்திரத்தில் அவன் இன்ஸ்டாகிராமில் போய், "உனக்கெல்லாம் பந்து எதுக்கு, வலை இழுக்கப் போ" என்று எழுதினேன். நூறு லைக்குக்கு மேல் வந்தது. ஆனால் குழுவில் இரண்டு பேர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். களியக்காவிளையில் இருக்கும் என் மச்சான் கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர். "இங்க வந்துரு" என்று கூப்பிடுகிறார். உண்மையில் தப்பு யார் மேல் அண்ணன்? டிக்கெட் எடுப்பதை நிறுத்திவிடலாமா?

எஸ்.

*

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தப் பின்னூட்டம். மற்றதெல்லாம் அப்புறம்.

"வலை இழுக்கப் போ" என்று ஒரு முட்டத்துக்காரன் எழுதியிருக்கிறான் என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. உன் அப்பா என்ன தொழில் என்று நீ எழுதவில்லை. ஆனால் முட்டத்தில் பிறந்தவனுக்கு, வலை இழுத்து உள்ளங்கை காய்த்துப்போன ஒருவர் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இல்லாமல் இருக்காது. அவர் செய்கிற தொழிலை வசவாக்கி, முகம் தெரியாத நூறு பேரிடம் லைக் வாங்கியிருக்கிறாய். பந்தை வெளியே அடித்த பையனுக்கு அது வலித்ததோ என்னவோ, உன் குழுவில் இருக்கும் ஒவ்வொருவனுக்கும் வலித்திருக்கும். பேச்சை நிறுத்திய இரண்டு பேரும் சரியாகத்தான் செய்தார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆனாலும் பதில் எழுதுகிறேன். ஷிப்ட் முடிந்து ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பஸ் பிடித்து நேரு ஸ்டேடியம் வந்து, தோற்றதைப் பார்த்துவிட்டு நடுராத்திரி திரும்புகிற ஒருவனை என்னால் அப்படியே விட முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. கொஞ்ச நாளாகவே இந்த விஷயம்தான் என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. கோல் அடிக்கிற இடத்தில் நம் பையன்கள் ஏன் நிற்பதில்லை என்கிற விஷயம்.

முதலாளிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அபிஷேக் பச்சன், விட்டா டானி, தோனி என்று பெரிய பெயர்கள். இந்த லீக்கில் கிளப் நடத்தி யாரும் பணக்காரர் ஆகவில்லை, அதுவும் உண்மை. 2025 ஆகஸ்டில் லீக்கே நடக்குமா என்று தெரியாத நிலையில் முதல் அணியின் வேலைகளை நிறுத்தி வைத்தார்கள். எனக்கு இருக்கிற குறை வேறு. 2018-19இல் நடப்புச் சாம்பியனான நம் அணி 18 ஆட்டத்தில் 9 புள்ளி எடுத்துக் கடைசியில் வந்தது. அடுத்த வருடம் ஒன்றுமே நடக்காத மாதிரி அதே லீக்கில் ஆடியது. கீழ் லீக்குக்கு இறக்கிவிடுவார்கள் என்ற பயம் இல்லாத இடத்தில், ஐந்து வருடம் கழித்து என்ன வேண்டும் என்று யோசிக்க வேண்டிய கட்டாயமும் இல்லாமல் போனது. சரி, அதை விடு.

கோச் விஷயத்துக்கு வா. உன் குழுவில் எல்லோரும் சின்ன வயதுக்காரர்கள், அதனால் வரிசையாகச் சொல்கிறேன். முதல் மூன்று சீசன் மார்கோ மாட்டராஸி, 2015இல் கோப்பை. அப்புறம் ஜான் கிரிகரி, நீ பெங்களூருவில் பார்த்தாயே அந்த 3-2 வெற்றி அவருடையது. 2019 கடைசியில் அவர் போனார், ஓவன் காயில் வந்தார். அடுத்த சீசன் சாபா லாஸ்லோ. அதற்கு அடுத்தது பாண்டோவிச். அவரைப் பாதியில் அனுப்பிவிட்டு மீதி ஆட்டங்களை சபீர் பாஷா கையில் கொடுத்தார்கள். இந்தியாவுக்கு ஆடிய ஃபார்வேர்டு, நம் சென்னைக்காரர், சீசன் கெட்டுப்போன பிறகுதான் அவர் ஞாபகம் வந்தது. அடுத்து பிரடாரிச். 2023இல் மறுபடியும் காயில்.

உடனே நீ கேட்பாய், கிரிகரி போய் காயில் வந்ததால்தானே 2020இல் இறுதிப் போட்டி வரை போனோம் என்று. ஆமாம், போனோம். அதே ஆட்டக்காரர்கள்தான், தூக்கி நிறுத்தினார் மனிதர். ஆனால் அந்த சீசன் முடிந்ததும் காயில் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போய்விட்டார். 15 கோல் அடித்த வால்ஸ்கிஸும் அவர் பின்னாலேயே போனார். ஜாம்ஷெட்பூர் 2021-22இல் லீக் ஆட்டங்களில் முதலிடத்துக்கான ஷீல்டை எடுத்தது. நமக்கு என்ன மிஞ்சியது? ஒரு நல்ல சீசனின் ஞாபகம். வருடத்துக்கு ஒரு வீடு மாறுகிற வாடகைக்காரன் முற்றத்தில் தென்னம்பிள்ளை வைப்பானா? கோச்சும் அப்படித்தான். வருகிற பிப்ரவரியில் வேலை இருக்குமா என்று தெரியாதவர், இருபது வயதுப் பையனை முன்னால் நிறுத்தி அவன் பத்து வாய்ப்பைக் கெடுப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டார். முப்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு வெளிநாட்டுக்காரரை வாங்கி நிறுத்துவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நண்பர்கள் அலுத்துப்போகிற அளவுக்கு. லீக் தொடங்கியபோது ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டுக்காரர்கள் களத்தில் நிற்கலாம். பிறகு ஐந்து, 2021-22இலிருந்து நான்கு. இந்த நான்கு பேரையும் கிளப்புகள் எங்கே நிறுத்துகின்றன என்று பார். ஒருவர் நடுத் தடுப்பில், ஒருவர் நடு மைதானத்தில், மிச்சம் இரண்டு பேர் கோலுக்கு முன்னால். ஏறக்குறைய எல்லா கிளப்பும் இதையேதான் செய்கிறது. நம் பையன்களுக்கு மிஞ்சுவது ஓரங்கள். ஊரில் சென்டர் ஃபார்வேர்டாக ஆடி ஆடிப் பெயர் வாங்கியவன் அங்கே போய் ஓரத்துத் தடுப்பாட்டக்காரனாக, சைடு பேக்காக ஓடுகிறான். இதன் விளைவு எங்கே தெரிந்தது? 2024 ஜூனில் தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை, 2025 மார்ச்சில் 40 வயதில் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. இத்தனை பெரிய நாட்டில் கோல் அடிக்க வேறு ஆள் இல்லை. அதற்காக சேத்ரியைக் குறை சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள்!

நம் கரையிலேயே உதாரணம் இருக்கிறது. இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டி கிளப்புக்காக ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கில் அவர் ஆடியதைப் பார்த்திருக்கிறாயா? இடது காலில் பந்தை ஒட்டவைத்துக்கொண்டு இரண்டு பேருக்கு நடுவே நுழைவார். எதிர் கோலைப் பார்த்து ஆடுகிற ஆட்டக்காரர். ஜாம்ஷெட்பூரிலும் அப்படித்தான் ஆடினார். கொல்கத்தா அணியான ஏடிகேவுக்குப் போனபோது கோச் ஹபாஸ் அவரை இடது விங் பேக்காக நிறுத்தினார். முன்னால் ராய் கிருஷ்ணாவும் டேவிட் வில்லியம்ஸும் நின்றார்கள். 2020 மார்ச்சில் அந்த அணி நம்மைத் தோற்கடித்துக் கோப்பையும் வாங்கியது, ஹபாஸ் கணக்குத் தப்பவில்லை. ஆனால் கோலைப் பார்த்து ஓட வேண்டியவர் தன் பக்கத்து மூலைக்கும் எதிர் மூலைக்கும் தொண்ணூறு நிமிஷம் ஓடியதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த சீசன் முதல் ஆட்டத்திலேயே, பிளாஸ்டர்ஸுக்கு எதிராக, முழங்கால் போய்விட்டது. அவரை முன்னால் நிறுத்தி நாலு வருடம் ஒரே கிளப் வைத்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் ஆசானை நான் பார்த்திருக்காவிட்டால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. ஆசான் மீன்பிடிக்காரர். விடியற்காலம் கரைக்கு வந்து, மீனை ஏலம் போட்டு, வலையை உதறிக் காயப்போட்டு, தூங்கி எழுந்து சாயங்காலம் நாலு மணிக்குக் கோவில் பின்புறக் கடற்கரையில் நிற்பார். லுங்கியை மடித்துக் கட்டியிருப்பார், கழுத்தில் விசில். எங்களோடு ஒரு பையன் ஆடினான், இடதுகாலன், கோலுக்கு நேராக நின்றால் கை கால் உதறும். ஆசான் அவனைத் தனியாகக் கூட்டிப்போய், கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்துக்கு முன்னால் நிறுத்துவார். பந்தை வள்ளத்தின் மேல் அடிக்க வேண்டும். வள்ளத்தின் பக்கம் வளைவு, பந்து அடித்த பக்கம் திரும்பி வராது. ஒரு தடவை முழங்காலுக்கு, ஒரு தடவை நெஞ்சுக்கு, ஒரு தடவை தாரில் பட்டுச் சறுக்கி மணலோடு மணலாக. எங்கே வந்தாலும் அடக்கி, அடுத்த அடியை யோசிக்காமல் அடிக்க வேண்டும். இருட்டிப் பந்து தெரியாமல் போகும்வரை அடிப்பான். வள்ளத்துக்காரர் வந்து சத்தம் போட்டால் ஆசான் அவருக்கு ஒரு பீடி கொடுப்பார்.

திருவிழாவுக்கு நடக்கும் ஏழு பேர் ஆட்டமான செவன்ஸில் ஆசான் அந்தப் பையனைத்தான் முன்னால் நிறுத்தினார். அவன் கெடுத்தான். ஊர் முழுக்க லைட் வெளிச்சத்தில் நின்று அவனை ஏசியது. அவனுடைய சொந்த மாமாவே ஏசினார். ஜெர்சிக்குப் பணம் கொடுத்தவர் ஓரத்துக் கயிற்றைத் தாண்டி வந்து, "அவன மாத்தும் வேய்" என்று ஆசான் தோளைப் பிடித்து உலுக்கினார். ஆசான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவன் நிக்க வேண்டிய எடத்துல நிக்கான். பந்து ஒரு நாளு உள்ள போவும், நீரு போய் இரும்" என்றார். அந்த வருடம் தோற்றோம். அடுத்த வருடமும் அவனேதான் முன்னால் நின்றான். பிறகு பந்து உள்ளே போக ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. கேரளத்துப் பொழியூர்க்காரர்கள்கூட எல்லை தாண்டி வந்து அவனைத் தங்கள் அணிக்கு ஆடக் கூப்பிட்டார்கள். சென்னையில் ஒரு துறை அணியில் வேலை கிடைத்து, இன்று பேரன் பேத்தியோடு இருக்கிறான்.

பணம் கொடுத்தவரும் ஏசினார், ஊரும் ஏசியது. ஆனால் ஆசானை மாற்ற யாரும் நினைக்கவில்லை. ஏசியவர்கள் மறுநாள் கடலில் அந்தப் பையனோடு ஒரே வள்ளத்தில் போக வேண்டியவர்கள், எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். நீ இன்ஸ்டாகிராமில் எழுதியதை அங்கே ஒருவன் சொல்லியிருந்தால் அன்றைக்கே கரையில் வைத்து முடித்திருப்பார்கள்.

நம் கிளப்பிலேயும் இது நடந்திருக்கிறது, அதுதான் எனக்கு ஆற்றாமை. ஜெஜெ லால்பெக்லுவாவை முதல் சீசனிலிருந்து வைத்திருந்தார்கள். மிசோரம் பையன், வருடா வருடம் முன்னால் நின்றான், 2017-18இல் 9 கோல். அந்தக் கோல்களுக்குப் பிறகுதான் நீ பெங்களூருவுக்குப் போனாய். அதற்கு நேர் மாறாக நம் விங்கர் சாங்டே. கோல் முன்னால் பதறுகிறான் என்று அவனைத் திட்டாத சென்னை ரசிகனை நான் பார்த்ததில்லை. 2022 ஜனவரியில் மும்பைக்கு விட்டுக் கொடுத்தோம். அங்கே கோச் டெஸ் பக்கிங்ஹாம் அவனைத் தொடர்ந்து ஆடவைத்தார். 2022-23இன் சிறந்த இந்திய ஆட்டக்காரர் விருது அவனுக்கு. கால் அதே கால்தான் தம்பி. இங்கே நீயும் உன் கூட்டமும் திட்டிக்கொண்டிருந்த அதே கால்.

யார் மேல் தப்பு என்று கேட்டாய். பொறுக்கத் தெரியாத எல்லோர் மேலும் உண்டு, அதில் ரசிகன் பங்கு சின்னதில்லை. ஒரு பையன் நாலு மாட்சில் கோல் அடிக்காவிட்டால் வெளியே போ என்று கத்துகிறோம். அந்தச் சத்தம் கோச்சுக்குக் கேட்கிறது. அவர் அவனை உட்காரவைக்கிறார். அவன் இடத்துக்கு பிரேசிலிலிருந்து ஒருவர் வருகிறார்.

மச்சான் கூப்பிட்டால் போய் மாட்ச் பார், தப்பில்லை. 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர்கள்தானே நம்முடையவை, உறவெல்லாம் அந்தப் பக்கமும் உண்டு. ஆனால் அங்கே போனால் நிம்மதி கிடைக்கும் என்று நினைக்காதே. மூன்று இறுதிப் போட்டி ஆடி ஒரு கோப்பைகூட இல்லாதவர்கள் அவர்கள். 2024 டிசம்பரில் டிக்கெட் வாங்க மாட்டோம் என்று அவர்கள் ரசிகர் அமைப்பான மஞ்ஞப்படை அறிவித்தது. அந்த மாதமே கோச்சை அனுப்பினார்கள். நிர்வாகம் அப்போது மாறவில்லை. டிக்கெட் எடுப்பதா வேண்டாமா என்பது உன் காசு, நீ முடிவு செய்.

ஆனால் இரண்டு வேலை உனக்கு இருக்கிறது. இன்றைக்கே அந்தப் பின்னூட்டத்தை எடுத்துவிட்டு அந்தப் பையனுக்கு நேராக மன்னிப்புக் கேள், குழுவிலும் அதைச் சொல். அப்புறம் உன் குழுவில் இருக்கிற எல்லோருமாகச் சேர்ந்து கிளப்புக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கோச்சை மாற்று, அவனை எடு, இவனை வாங்கு என்று ஒரு வரியும் அதில் வேண்டாம். கேள்வி மட்டும் கேளுங்கள். கடந்த மூன்று சீசனில் 21 வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுப் பையன்கள் கோலுக்கு முன்னால் எத்தனை நிமிஷம் ஆடினார்கள்? அடுத்த மூன்று சீசனில் எத்தனை நிமிஷம் ஆடுவார்கள்? அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் யார், அவருக்கு எத்தனை வருட ஒப்பந்தம்? தூத்தூர் முதல் முட்டம் வரை நம் கரையில் ஆட்டம் பார்க்க எப்போது ஆள் அனுப்பினார்கள்? எழுதியதை எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன். கையெழுத்துப் போடுகிறவர்களில் பேச்சை நிறுத்திய அந்த இரண்டு பேரும் இருக்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்