யாழ்ப்பாணத்திலிருந்து புவி, கோள் அறிவியல் ஆராய்ச்சி எட்டுமா?

கேள்வி: புவி அறிவியல், பொருள் அறிவியல், கோள் அறிவியல் ஆகிய துறைகளில் இன்று முன்னணியில் நிற்கும் ஆராய்ச்சிகள் எவை? யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கும் எனக்கு அவற்றில் ஏதாவது எட்டுமா?

பதில்:

யாழ்ப்பாணத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உயர்தர வகுப்புகளுக்கு இரசாயனவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆராய்ச்சி செய்தவன் அல்லன். ஆனாலும் இந்தத் துறைகளில் வெளிவருபவற்றைத் தேடித் தேடி வாசிக்கிறேன். உங்கள் கேள்வியிலுள்ள ‘எட்டுமா’ என்ற சொல்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. எட்டும், பிள்ளை. எப்படி என்பதை உப்பிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன்.

2020 ஒக்டோபரில் நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் பென்னு என்னும் சிறுகோளைத் தொட்டு, அதன் மேற்பரப்பிலிருந்து மண்ணும் கல்லும் அள்ளியது. பென்னு ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர் விட்டமுள்ள ஒரு கற்குவியல். அள்ளியதை 2023 செப்டெம்பர் 24இல் அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் இறக்கினார்கள். மொத்த எடை 121.6 கிராம். அந்த மண்ணைப் பற்றிய முக்கியமான ஆய்வு முடிவுகள் 2025 ஜனவரியில் வெளிவந்தன. என் கணிப்பில், இந்தப் பத்தாண்டில் கோள் அறிவியலிலிருந்து வந்த மிகப் பெரிய செய்தி அதுதான். மண்ணுக்குள் உப்பு இருந்தது.

நாம் கறிக்குப் போடும் சோடியம் குளோரைட்டு மட்டுமன்று. சோடியம் சேர்ந்த பொஸ்பேற்று, காபனேற்று, சல்பேற்று, புளோரைட்டு என்று ஒரு வரிசையே இருந்தது. அவற்றுள் ஒன்று ட்ரோனா. சலவைச் சோடாவும் அப்பச்சோடாவும் நீரோடு சேர்ந்து ஒரே பளிங்காக உறைந்தால் அதுவே ட்ரோனா. பூமியில் அது சோடா ஏரிகள் வற்றிய இடங்களில் கிடைக்கிறது. ஒரு சிறுகோளில் ஏரி வற்றிய அடையாளம் எப்படி வந்தது?

இதைப் புரிந்துகொள்ள நமக்கு ஆனையிறவு உப்பளம் போதும். கடல்நீரைப் பாத்தியில் கட்டி வெயிலில் விட்டால் அதிலுள்ள உப்புகள் எல்லாம் ஒன்றாக விளைவதில்லை. நீர் ஏறத்தாழப் பாதியாக வற்றும்போது கல்சியம் காபனேற்று படிகிறது. ஐந்தில் ஒரு பங்காகும்போது ஜிப்சம் இறங்குகிறது. பத்தில் ஒரு பங்காகும்போதுதான் கறியுப்பு விளைகிறது. கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் உப்புகள் தங்கிவிடுகின்றன. ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு நீரை மாற்றிக்கொண்டே போவது இந்த ஒழுங்கை அறிந்துதான். உப்புகள் படிந்திருக்கும் வரிசையைப் பார்த்தால், அங்கே நின்ற நீர் எப்படிப்பட்டது, எவ்வளவு வற்றியது என்று பின்னோக்கிச் சொல்லிவிடலாம். பென்னு மண்ணில் ஆய்வாளர்கள் செய்தது இதைத்தான். ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகளுக்கு முன், பென்னு எந்தப் பெரிய பொருளிலிருந்து உடைந்து வந்ததோ அதன் உள்ளே உவர்நீர் தேங்கி நின்று மெல்ல மெல்ல வற்றியிருக்கிறது.

இத்தனை காலம் எத்தனையோ விண்கற்கள் பூமியில் விழுந்தும் இந்த உப்புகள் ஏன் இப்படி முழுமையாகக் கிடைக்கவில்லை? கார்த்திகை மாரியில் உங்கள் வீட்டு உப்புப் பானை கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு ஈரத்தை இழுக்கும். பூமியில் விழுந்த கல்லிலிருந்த உப்பு நம்முடைய காற்றின் ஈரத்திலேயே கரைந்து உருமாறிவிடும். பென்னுவின் மண்ணையோ பூமியின் காற்றுப் படாமல், நைதரசன் வாயுவுக்குள் வைத்துக் காத்தார்கள். அந்தப் பொறுமைக்குக் கிடைத்த பலன் இது.

அதே மண்ணில், பூமியிலுள்ள உயிர்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 இருந்தன. மரபணுவின் எழுத்துகளான ஐந்து நியூக்கிளியோ மூலங்களும் இருந்தன. அமோனியாவும் நிறைய இருந்தது. அங்கே உயிர் இருந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு ஒன்றின் ஆடிவிம்பம் போல் மற்றது அமையும் இடக்கை, வலக்கை என்ற இரு வடிவங்கள் உண்டு. நம்முடைய உயிர்கள் அவற்றில் இடக்கை வடிவத்தையே எடுத்துக்கொள்கின்றன. பென்னுவில் இடமும் வலமும் ஏறத்தாழச் சம அளவில் இருந்தன. அப்படியானால் பூமியில் இடம் மட்டும் எப்படி வென்றது? சேதன இரசாயனத்தில் ஒளியியற் சமபகுதியம் படிக்கும்போது பரீட்சைக்காக மனப்பாடம் செய்கிறோமே, அந்தப் பாடத்தின் மறுமுனையில் இந்தக் கேள்வி இன்னும் திறந்தபடி கிடக்கிறது.

இதே உவர்நீர்க் கதை வேறு இடங்களிலும் தொடர்கிறது. சீரிஸ் குறுங்கோளில் டோன் விண்கலம் கண்ட வெண்புள்ளிகள் சோடியம் காபனேற்றுப் படிவுகள். சனியின் துணைக்கோளான என்செலடசிலிருந்து பீறிடும் பனித்துகள்களில் பொஸ்பேற்று இருப்பது 2023இல் அறியப்பட்டது. வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவை ஆராய 2024 ஒக்டோபரில் புறப்பட்ட யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030இல் வியாழனை அடையும்போது நீங்கள் பல்கலைக்கழகத்தில் இருப்பீர்கள்.

இனி நம் காலடிக்கு வருகிறேன். இது என் மனதுக்கு இன்னும் நெருக்கமான பகுதி.

குடாநாடு மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. 2.3 கோடி ஆண்டுகளுக்கும் 53 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலம் அது. ஆழம் குறைந்த கடலில் படிந்த கல்லை மழைநீர் கரைத்துக் கரைத்து, உள்ளே வெடிப்புகளும் குகைகளுமாக ஆக்கியிருக்கிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லாத நாம் அந்த வெடிப்புகளில் தேங்கிய மழைநீரைத்தான் குடிக்கிறோம். நிலாவரைக் கிணற்றில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் மிதந்தது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கதை உண்மையோ இல்லையோ, கேட்கப்பட்ட கேள்வி முழுக்க முழுக்க அறிவியல் கேள்வி: இங்கே போகும் நீர் எங்கே வெளிவருகிறது? இன்று சுண்ணக்கல் நிலங்களில் எலுமிச்சம்பழத்துக்குப் பதிலாக ஒளிரும் சாயங்களைக் கரைத்து விடுகிறார்கள். நீரிலுள்ள ஒட்சிசன், ஐதரசன் சமதானிகளை (ஒரே மூலகத்தின் வேறுபட்ட எடையுள்ள அணுக்களை) அளந்து அது எந்த மழையின் நீர் என்று தேடுகிறார்கள். நைத்திரேற்றிலுள்ள நைதரசன் சமதானியைக் கொண்டு, அது தோட்டத்து உரத்திலிருந்து வந்ததா, மலசலகூடக் குழியிலிருந்து வந்ததா என்று பிரித்தறிய முயல்கிறார்கள். நம் தோட்டப் பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஆகவே இது வேறு யாருடையவோ ஆராய்ச்சி என்று நினைக்க வேண்டாம்.

நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்நீரின் அடர்த்தி நாற்பதில் ஒரு பங்கு கூட. அதனால் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றருக்கு நன்னீர் இறங்கியிருக்கும். இதையே திருப்பிப் பாருங்கள். நன்னீர் மட்டம் நிலையாக 10 சென்ரிமீற்றர் இறங்கிவிட்டால், கீழிருந்து உவர்நீர் 4 மீற்றர் ஏறிவரும். வலிகாமத்தின் கரையோரத்தில் என் அம்மம்மாவின் வீட்டுக் கிணறு துலா இருந்த காலம் வரை தேநீருக்கு உகந்த கிணறு. சுற்றியுள்ள தோட்டங்களில் நீர் இறைக்கும் இயந்திரங்கள் பெருகிய பின் சில ஆண்டுகளில் தேநீர் கரித்தது. "கிணறு கடலைக் கண்டுவிட்டது" என்றார் அம்மம்மா. அந்த நாற்பதுக்கு ஒன்று கணக்கை வகுப்பில் சொல்லும் போதெல்லாம் எனக்கு அவர் குரல்தான் கேட்கும்.

இதை விண்வெளியிலிருந்து அளக்க முடியாதா என்று கேட்பீர்கள். 2002இல் ஏவிய கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்களும் 2018இல் அவற்றைத் தொடர்ந்து வந்தவையும், ஈர்ப்பில் ஏற்படும் நுண்ணிய மாற்றங்களிலிருந்து நிலத்தடி நீரின் எடை எவ்வளவு கூடிக் குறைகிறது என்று கணிக்க உதவுகின்றன. வட இந்தியாவில் நிலத்தடி நீர் இறங்குவதை அப்படித்தான் கண்டார்கள். ஆனால் அவற்றின் பார்வைக்கு எட்டும் மிகச் சிறிய பரப்பே சில நூறு கிலோமீற்றர் அகலமானது. ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீற்றர் கொண்ட நம் குடாநாடு அதில் தனியாகத் தெரியாது. 2025 ஜூலை 30இல் சிறிஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நிசார் என்னும் ராடார் செயற்கைக்கோள், நிலம் சில சென்ரிமீற்றர் தாழ்ந்தாலும் காட்டிவிடும். கிணறு கரிப்பதை அது காட்டாது. அதை யாராவது கிணற்றடியில் நின்றுதான் அளக்க வேண்டும்.

பொருள் அறிவியலில் எனக்குப் பிடித்தது சுண்ணாம்பு. 100 கிராம் தூய சுண்ணக்கல்லைச் சூளையில் சுட்டால் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிராம் காபனீரொட்சைட்டாகப் போய்விடும். மனிதர் வெளியேற்றும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ 8 வீதம் சீமெந்தால் வருவது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து அன்றி, கல்லிலிருந்தே வெளிவருகிறது. இதைக் குறைக்க, சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணக்கல் தூளையும் கலந்து செய்யும் சீமெந்தைச் சுவிற்சர்லாந்து ஆய்வாளர்கள் இந்தியத் தொழில்நுட்ப நிறுவனங்களோடு சேர்ந்து உருவாக்கியிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், 2023இல் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பண்டைய ரோமானியரின் கொங்கிறீற்றில் கிடந்த வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகளை ஆராய்ந்தார்கள். சரியாகக் கலக்காத குறை என்று எண்ணப்பட்டவை அவை. வெடிப்பில் நீர் இறங்கும்போது அந்தக் கட்டிகள் கரைந்து, மீண்டும் கல்சியம் காபனேற்றாகப் படிந்து வெடிப்பை அடைக்கின்றன என்று காட்டினார்கள். அந்த முறையில் செய்த கொங்கிறீற்றில் அரை மில்லிமீற்றர் வெடிப்பு இரண்டு வாரத்தில் மூடிக்கொண்டது. சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பழைய வீடுகள் யாழ்ப்பாணத்தில் இன்னும் நிற்கின்றன. அவற்றின் சாந்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. ஒன்றை மறக்க வேண்டாம்: காங்கேசன்துறையில் சீமெந்துக்காகத் தோண்டிய கல்லும் நம் நன்னீரைத் தாங்கும் கல்லும் ஒன்றே.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கைக்குத் தெற்கே கடலில், ஈர்ப்புக் கணக்கின்படி கடல் மட்டம் 106 மீற்றர் வரை தாழ்ந்த ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது. உலகிலேயே ஆழமானது அது. ஆழத்திலிருந்து எழுந்த சூடான, அடர்த்தி குறைந்த பாறைப்பொருள் அதற்குக் காரணமாகலாம் என்று பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தினர் 2023இல் கணித்தார்கள். அது இன்றைய வடிவத்துக்கு வந்தது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் என்கிறார்கள். நம் சுண்ணக்கல்லும் அந்த மயோசீன் காலத்துக்கே உரியது என்று நினைக்கும்போது உடல் சிலிர்க்கிறது. சூரியக் கலங்களுக்கான பொருள்களில் ஆர்வம் இருந்தால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறையிலேயே அந்த ஆராய்ச்சி நடக்கிறது. புவிச்சரிதவியல் படிக்கப் பேராதனைக்கும், கணிதப் பிரிவிலிருந்து புவி வளப் பொறியியல் படிக்க மொறட்டுவைக்கும் போகலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கையடக்கமான மின்கடத்துதிறன் மானி ஒன்றை நான்கு நண்பர்கள் சேர்ந்து வாங்குங்கள். நீரில் உப்புக் கூடக் கூட அது காட்டும் எண்ணும் கூடும். கடல்நீர் அதில் சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 50,000 மைக்குரோசீமன்ஸ் காட்டும். நல்ல கிணறு சில நூறு மட்டும் காட்டும். வாரம் ஒரு நாள், இறைப்புத் தொடங்குவதற்கு முன் அதே நேரத்தில், கிணற்றுக் கட்டிலிருந்து நீர் மட்டம் வரை நூலால் அளந்து, மேல்நீரையும் அடிநீரையும் தனித்தனியாக அள்ளி மானியால் அளவிடுங்கள். திகதி, நேரம், மழை பெய்ததா என்பதையும் எழுதுங்கள். முதல் அளவீட்டை ஐப்பசி மழைக்கு முன் எடுத்துவிடுங்கள். மழை இறங்கிவிட்டால் இந்த ஆண்டின் வரட்சிக் கால அளவு திரும்பக் கிடைக்காது.