வெளிநாட்டில் ரயில் வேலைநிறுத்தம்: பயணச்சீட்டை ரத்து செய்ய வேண்டுமா?

கேள்வி: வயதான பெற்றோருடன் இத்தாலி செல்கிறோம். ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் ஃப்ளோரன்ஸிலிருந்து ரோமுக்கு அதிவேக ரயிலில் முன்பதிவு செய்திருக்கிறோம். மறுநாள் காலை ரோமிலிருந்து விமானம். அந்த வெள்ளியன்று ரயில் ஊழியர் வேலைநிறுத்தம் என்கிறார்கள். இப்போதே ரத்து செய்துவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள். இத்தாலியில் 1990ஆம் ஆண்டின் 146ஆம் எண் சட்டப்படி, பொதுப் போக்குவரத்தில் வேலைநிறுத்தம் செய்வோர் குறைந்தது 10 நாள்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். அது எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பதையும் தெரிவிக்க வேண்டும். அறிவித்தவற்றில் பல, பேச்சுவார்த்தைக்குப் பின் கைவிடப்படுகின்றன அல்லது சில மணிநேரமாகச் சுருங்குகின்றன. எனவே தேதியைக் கண்டு கலங்காமல், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதை முதலில் பாருங்கள்.

ரயில் வேலைநிறுத்தங்கள் பல வேளைகளில் முந்தைய நாள் இரவு 9 மணிக்குத் தொடங்கி, மறுநாள் இரவு 9 மணிக்கு முடியும். வேலைநாளாக இருந்தால் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் வட்டார ரயில் சேவை ஓரளவு உறுதி செய்யப்பட்டிருக்கும். தொலைதூர ரயில்களில் எவை கட்டாயம் ஓடும் என்பதற்கு ரயில் நிறுவனத்தின் இணையதளத்தில் தனிப் பட்டியல் உண்டு. உங்கள் ரயிலின் எண் அதில் இருந்தால் திட்டத்தை மாற்றவே தேவையில்லை.

இல்லையென்றால், வியாழன் மாலையே ரோமுக்குச் சென்றுவிடுவதுதான் நல்லது என்பேன். அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வேலைநிறுத்தம் தொடங்கும்போது ஓடிக்கொண்டிருக்கும் ரயில், அடுத்த 1 மணி நேரத்துக்குள் சேருமிடத்தை அடைய முடியுமானால்தான் இறுதிவரை செல்லும். இல்லாவிட்டால் வழியிலுள்ள ஏதேனும் ஒரு நிலையத்தில் நின்றுவிடலாம். ஃப்ளோரன்ஸிலிருந்து ரோமுக்கு அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பதால், இரவு 8.50 ரயிலை நம்பாமல் 7 மணி வாக்கில் கிளம்பும் ரயிலைத் தேர்ந்தெடுங்கள். பெரியவர்களை இரவில் பெட்டிகளோடு பாதிவழியில் இறங்க வைக்கும் நிலை வரக்கூடாது.

பணத்தைப் பொறுத்தவரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021/782 ஒழுங்குமுறைப்படி, ரயில் ரத்தானாலோ 60 நிமிடம் அல்லது அதற்கு மேல் தாமதமாகும் என எதிர்பார்க்கப்பட்டாலோ, முழுக் கட்டணத்தைத் திரும்பப் பெறுவதா, மாற்றுப் பயணமா என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். புறப்பட வேண்டிய நேரத்திலிருந்து 100 நிமிடங்களுக்குள் மாற்றுவழி எதையும் நிறுவனம் தெரிவிக்காவிட்டால், நீங்களே வேறு ரயிலிலோ பேருந்திலோ சென்று, அதற்கான நியாயமான செலவைக் கோரலாம்; டாக்சிக்கு இது பொருந்தாது. ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். நீங்களாகவே முந்திக்கொண்டு ரத்து செய்தால், பயணச்சீட்டின் சாதாரண விதிகள் மட்டுமே கைகொடுக்கக்கூடும்.

இந்தக் கணக்கை மற்ற நாடுகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. பிரான்சில் எந்த ரயில்கள் ஓடும் என்பது பெரும்பாலும் முந்தைய நாள் மாலையில்தான் உறுதியாகும். ஜெர்மனியில் ஊதியப் பேச்சுவார்த்தை நடக்கும்போது குறுகிய நேரத்துக்கு நடத்தப்படும் ‘எச்சரிக்கை வேலைநிறுத்தங்களோ’ ஓரிரு நாள் அவகாசத்தில்கூட வரும்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ரோமில் வியாழன் இரவுக்கு, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறை ஒன்றைப் பதிவு செய்து வையுங்கள்.