கூந்தலில் பின்னிய நகை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் முடியால் செய்த நகைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். செத்தவர் முடியைப் பின்னிக் கையில் அணிவதை நினைத்தாலே குமட்டுகிறது. சாவின் மேல் கொண்ட பித்து என்றுதான் தோன்றுகிறது. இதைப் போய்க் கலை என்கிறீர்களே?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

சோற்றில் ஒரு முடி கிடந்தாலே தட்டை ஒதுக்குகிறோம். உங்கள் அருவருப்பு புரிகிறது. பித்து என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த நகைகளில் பல, உயிரோடிருந்த தோழிகளும் காதலர்களும் தமக்குள் கொடுத்து வாங்கியவை. கறுப்பு எனாமலும் இறந்த தேதியும் இருந்தால்தான் துக்க நகை என்று துணிந்து சொல்லலாம்.

வேலையைப் பாருங்கள். சோடா கலந்த நீரில் முடியைக் கொதிக்கவைத்துப் பிசுக்கை நீக்குவார்கள். இழைகளை எண்ணிப் பிரித்து, ஒவ்வொரு கற்றையின் நுனியிலும் ஈயக் குண்டு கட்டுவார்கள். நடுவில் துளையிட்ட வட்ட மேசையின் விளிம்பைச் சுற்றிக் குண்டுகள் தொங்கும். அவற்றை முறை தவறாமல் இடம் மாற்ற மாற்ற, துளையில் நிற்கும் கம்பியைச் சுற்றிப் பின்னல் வளரும். பிறகு கம்பியோடு மறுபடி கொதிக்கவைத்து, உலர்த்தி, கம்பியை உருவிவிட்டால் உள்ளே வெறுமையான, வலைபோன்ற குழல் அப்படியே நிற்கும். ஒரு குண்டு தவறான இடத்துக்குப் போனால் பின்னலே கெட்டுவிடும். இதைக் கலை என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

நகைக்கடையில் கொடுத்தால் வேறு யாருடைய முடியையாவது வைத்துவிடுவார்களோ என்ற அச்சம் அன்று பரவலாக இருந்தது. 1867இல் அமெரிக்காவில் மார்க் கேம்ப்பெல் இந்த வேலையை வீட்டிலேயே கற்றுக்கொள்ள ஒரு நூல் வெளியிட்டார். தன் கையால் பின்னினால் அது அன்புக்குரியவரின் முடிதான் என்ற நிச்சயம் கிடைக்கும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. பொன் போனால் வேறு பொன் வாங்கலாம். இங்கே பொருளே அந்த ஆள்தான், மாற்று கிடையாது.

இங்கிலாந்தில் யார்க்ஷயரின் ஹாவர்த் ஊரில், நாவலாசிரியைகளான சார்லட், எமிலி, ஆன் பிராண்ட்டி சகோதரிகள் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். எமிலி, ஆன் இருவரின் முடியையும் சேர்த்துப் பின்னிய, செவ்வந்திக்கல் பதித்த கைவளை ஒன்று அங்கே இருக்கிறது. எமிலி 1848 டிசம்பரில் இறந்தார், ஆன் 1849 மே மாதத்தில். வளை, எஞ்சிய ஒரே சகோதரி சார்லட்டுடையது. அவரைப் பித்துப் பிடித்தவர் என்பீர்களா?

ஸ்வீடனின் வோம்ஹூஸ் ஊர்ப் பெண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தொழிலோடு ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்ப் பிழைத்தார்கள். அந்த ஊரில் இன்றும் பின்னுகிறார்கள், உயிரோடிருப்பவர்களின் முடியிலும்.